பம்பைக் கழற்றும் முன்

ஓடிக்கொண்டிருக்கும் வேன் இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றுவிட்டால், எங்கள் தொழிலில் முதல் பழி டீசல் பம்பின் மேல்தான் விழும். அதற்குக் காரணமும் உண்டு. பம்பு எஞ்சினை ஒட்டிக் கண்ணெதிரே இருக்கிறது. கழற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க ஊருக்கு ஊர் பம்பு, நாசில் சர்வீஸ் கடை இருக்கிறது. பில் போடவும் தோதான சாமான். டேங்க் அப்படியில்லை. வண்டிக்கு அடியில் சேறும் கிரீஸும் அப்பி, பட்டி போட்டு முறுக்கிய போல்ட்டுகள் துருப்பிடித்துக் கிடக்கும். இறக்க வேண்டுமென்றால் மல்லாந்து படுக்க வேண்டும். முகத்தில் துரு கொட்டும், டீசல் முழங்கை வழியாக அக்குள்வரை இறங்கும். அதனால் டேங்கின் முறை எப்போதும் கடைசியில்தான் வருகிறது. நாமக்கல்லில் பழைய வேன்களையே பார்த்துப் பிழைத்துவந்தவன் என்ற முறையில் என் கட்சி வேறு. பழைய டீசல் வேனில் ஓட்டம் குறைந்தால், விசாரணை டேங்கின் மூடியில் தொடங்க வேண்டும். பம்பு கடைசிச் சாட்சி.

நான் பேசுவது முக்கியமாகப் பழைய டெம்போ டிராவலரைப் பற்றி. பஜாஜ் டெம்போ கம்பெனி 1987இல் இறக்கிய வண்டி, மெர்சிடிஸ் பென்ஸின் டி1 வேனை அடியொற்றியது. கம்பெனி 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய டிராவலரில் இருப்பது ஓ.எம். 616 வம்சத்து நாலு சிலிண்டர் எஞ்சின், 2.4 லிட்டர். கம்ப்யூட்டர் கிடையாது, டேங்குக்குள் மின்சார மோட்டார் கிடையாது. எல்லாம் ஸ்பேனருக்கும் காதுக்கும் கட்டுப்பட்ட சங்கதி. கல்யாணம், சபரிமலை, பழநி, காதுகுத்து என்று தமிழ்நாட்டின் பாதி விசேஷங்களைச் சுமந்த வண்டி அது. அதன் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கீழே சொல்லப்போகிறதெல்லாம் மேட்டடாருக்கும், அந்தக் காலத்து மற்ற டீசல் வேன்களுக்கும் அநேகமாகப் பொருந்தும்.

டீசல் போகும் பாதையை முதலில் மனதில் வரைந்துகொள்ள வேண்டும். டேங்குக்குள் அடிவரை இறங்கும் உறிஞ்சுகுழாய், அதன் நுனியில் சல்லடை. அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக இரும்புப் பைப், நடுவில் ரப்பர் ஹோஸ். பிறகு ஃபீட் பம்பு. அது இன்ஜெக்ஷன் பம்பின் இடுப்பிலேயே ஒட்டியிருக்கும், கேம் தள்ளத் தள்ள வேலை செய்யும், தலையில் கைபம்புக் குமிழ் இருக்கும். அதற்கப்புறம் ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்பு, நாசில். எஞ்சின் எரிப்பதைவிட அதிகமாகவே ஃபீட் பம்பு அனுப்பும். மிஞ்சியது ரிட்டர்ன் பைப் வழியாக டேங்குக்கே திரும்பும்.

இந்தப் பாதையில் ஃபீட் பம்பு ஒரு எல்லைக்கல். அதற்கு முன்னால் உறிஞ்சும் பக்கம், பின்னால் தள்ளும் பக்கம். தள்ளும் பக்கம் ஒரு ஜாயின்ட் தளர்ந்தால் டீசல் வெளியே கசியும், ஈரம் தெரியும், தூசி படிந்து காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கம் தளர்ந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்று உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது பைப் உலர்ந்து சுத்தமாக இருக்கும், குற்றமும் அங்கேயே இருக்கும். இளநீர்க் குழலில் ஊசித்துளை விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்குக் காற்றுதானே வரும். அதுதான் இங்கேயும் நடப்பது. "எங்கயும் லீக் இல்லீங்ண்ணா, துடைச்சுப் பாத்துட்டேன்" என்று டிரைவர் சொல்லும்போது அவர் தள்ளும் பக்கத்துக்கு மட்டும் சாட்சி சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் உறிஞ்சுவதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: காற்றுமண்டலத்தின் அழுத்தம், ஏறத்தாழ 1 பார். அதற்குமேல் எந்தக் கொம்பன் பம்பாலும் உறிஞ்ச முடியாது. மறுபுறம், அடைப்பில்லாத பாதையில் தேவைப்படுவதோ சொற்பம். 1 மீட்டர் உயர டீசலின் எடை 0.08 பார்தான். டேங்குக்கும் பம்புக்கும் அரை மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்தாலும் 0.04 பார். பாதி தேய்ந்த ஃபீட் பம்புகூட அசராமல் தூக்கிவிடும் சுமை அது. ஆக, பாதை சுத்தமாக இருந்தால் பழைய பம்பே போதும். பாதை அடைத்திருந்தால் புதுப் பம்பும் திணறும். பம்பை மாற்றிவிட்டு "இப்பவும் அப்படியேதான் நிக்குது" என்று வருகிறவர்களின் கதை முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் டிரைவரைப் பேசவிட வேண்டும். முதலாளியை அல்ல, டிரைவரை. எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது, நின்றபிறகு என்ன செய்தால் போகிறது என்பதற்குள்ளேயே முக்கால்வாசிப் பதில் இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, பிடித்துவிட்டால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது என்றால், ராத்திரியில் எங்கோ காற்று நுழைந்து, பைப்பிலிருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஹோஸ் கிளிப், பான்ஜோ போல்ட்டின் வாஷர், கைபம்பின் ரப்பர், ஃபீட் பம்புக்குள் இருக்கும் சின்ன வால்வு ஆகிய நாலில் ஒன்று. கிளம்பும்போது நன்றாக இருந்து, டாப் கியரில் கொஞ்ச தூரம் அடித்ததும் இழுவை போய் நிற்கிறது, ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்புகிறது என்றால் டேங்குக்குள் குப்பை. உறிஞ்சும்வரை அது சல்லடையில் ஒட்டிக்கொண்டிருக்கும், எஞ்சின் நின்றதும் உதிர்ந்து மிதக்கும். டீக்கடைக்காரர் வண்டியைக் குணப்படுத்தவில்லை, குப்பைக்கு இறங்க நேரம் கொடுத்தார், அவ்வளவுதான். ஏற்றத்தில் மட்டும், லோடு ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது, சமதளத்தில் மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை என்றால் ஃபில்டரோ பைப்போ பாதி அடைபட்டிருக்கிறது. "டேங்க் நிரப்பிட்டா ஒரு தொந்தரவும் இல்லீங்ண்ணா" என்று ஒருவர் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அது வேறு சாதி நோய். அதைப் பிறகு சொல்கிறேன்.

கேட்டு முடித்ததும் டேங்கின் மூடியைத் திறக்கிறேன். எஞ்சின் நின்ற உடனே திறந்தால்தான் பலன். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது. டேங்கிலிருந்து டீசல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்கு மூடியிலேயே ஒரு துளையோ, தனியாக ஒரு மூச்சுக்குழாயோ இருக்கும். அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஃபீட் பம்போடு கயிறு இழுக்கும். கம்பெனி மூடி தொலைந்துபோய் வேறு வண்டியின் மூடியைத் திணித்திருப்பார்கள், அதில் துளை இருக்காது. அதுவும் கிடைக்காதபோது பாலித்தீன் கவரை நாலு மடிப்பு மடித்து ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். மழைத்தண்ணீர் போகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். மூச்சுக்குழாய் இருக்கிற வண்டிகளில் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டியிருக்கும், அதுவும் லீவு விட்டு நிற்கும் ஸ்கூல் வேன்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு கம்பியால் குத்திவிட்டால் தீரும் விஷயத்துக்கு இன்ஜெக்ஷன் பம்பை இறக்கியவர்கள் உண்டு.

மூடி திறந்திருக்கும்போதே ஒரு சுத்தமான குச்சியை விட்டுப் பார்ப்பது என் வழக்கம். மிதவை சிக்கிக்கொண்ட கேஜ் அரை டேங்க் காட்டும், உள்ளே காலியாக இருக்கும். சிரிக்காதீர்கள், நடக்கிறது. குச்சியின் நுனியில் கறுப்பாக வழவழவென்று ஏதாவது ஒட்டிவந்தால் அதையும் முகர்ந்து பார்த்துக்கொள்வேன்.

அடுத்தது கைபம்பு. இதை எழுத்தில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், ஆனாலும் முயல்கிறேன். குமிழைத் திருகி விடுவித்து மேலே இழுத்துக் கீழே அழுத்த வேண்டும். நல்ல வண்டியில் இழுக்கும்போது லேசான கனமும் அழுத்தும்போது திடமான எதிர்ப்பும் இருக்கும், டீசல் நகர்வது உள்ளங்கையில் தெரியும். இழுக்கும்போதே குமிழ் மேலே வர மறுத்து, விட்டதும் தானாகக் கீழே போனால் டேங்க் பக்கம் அடைப்பு. இழுத்தாலும் அழுத்தினாலும் பஞ்சுபோல லேசாக இருந்தால் காற்று. அழுத்தும்போது மட்டும் கல்லாக நின்றால் ஃபில்டர் பக்கம் அடைப்பு. புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் நல்ல வண்டியில் இதை அடிக்கவைப்பேன். நல்லது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியாமல் கெட்டதைக் கண்டுபிடிக்க முடியாது. வேலை முடிந்ததும் குமிழை மறுபடி திருகி இறுக்க வேண்டும். தளர்ந்த குமிழும் அதன் அடியில் காய்ந்துபோன ரப்பரும் காற்று நுழைய நல்ல வாசல்.

இந்த ரப்பர் விஷயத்தில் ஓர் இடைச்செருகல். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 டீசல் வந்தது. கந்தகத்தின் அளவு 50 பி.பி.எம்.மிலிருந்து 10 ஆகக் குறைந்தது. ஊர்க் காற்றுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் டீசலின் கலவை மாறும்போது பழைய நைட்ரைல் ரப்பர் கொஞ்சம் சுருங்கக்கூடும். பழைய டீசலில் ஊறி உப்பிப் பழகிய ரப்பர் அது. அதனால் பழைய வேன் கைக்கு வந்தால் ஓ ரிங்குகளையும் ரப்பர் வாஷர்களையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவது நல்லது. விலை அற்பம்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கேன் டெஸ்ட். என் கணக்கில் இந்தத் தொழிலின் மிகச் சிறந்த சோதனை இதுதான், செலவும் கிடையாது. ஃபீட் பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, சுத்தமான புது ஹோஸ் ஒன்றை மாட்டி, அதன் மறுநுனியை வடிகட்டிய டீசல் உள்ள கேனுக்குள் விட வேண்டும். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் கேனில் இருப்பதெல்லாம் டேங்குக்குப் போய்விடும். இப்போது வண்டி டேங்கை மறந்துவிட்டது. இந்த நிலையில் நன்றாக ஓடினால் குற்றம் டேங்கிலோ அதன் பைப்பிலோ இருக்கிறது, பம்பு நிரபராதி. இப்போதும் திணறினால் மட்டும் பம்பு பக்கம் போகலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பலர் கேனை உயரத் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்போது டீசல் தன் எடையாலேயே இறங்கிவரும், பம்பு உறிஞ்சவே வேண்டியதில்லை, செத்த ஃபீட் பம்பும் பாஸாகிவிடும். டேங்க் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் கேனும் இருக்க வேண்டும். சைலன்சர் பக்கம் கட்டாதீர்கள், பயணிகள் இருக்கும்போது செய்யாதீர்கள். பெட்ரோல் வண்டியில் இந்தச் சோதனையை நினைத்தும் பார்க்காதீர்கள்.

டேங்க் நிரப்பினால் ஓடும் வண்டி என்றேனே, அதற்கு வருகிறேன். ராசிபுரம் பக்கத்து வண்டி. வாரக் கடைசிகளில் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் ஆள் ஏற்றிப்போகும் வேலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளில் பாதிகூடத் தாண்டாமல் வண்டி நின்றுவிடும். வேறொரு இடத்தில் இன்ஜெக்ஷன் பம்பை முழுசாகப் பிரித்துச் சேர்த்து, நாசில் நாலும் மாற்றி, கணிசமான பணத்தைக் கொடுத்துவிட்டு அந்த முதலாளி என்னிடம் வந்தார். வண்டியைவிட அவர்தான் அதிகம் தளர்ந்திருந்தார். டிரைவர் பையன் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். "தம்பி, நிக்கிறப்போ டேங்க்ல எவ்ளோ இருக்கும்?" என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னான்: "பாதிக்குக் கீழ போனாத்தாங்ண்ணா பிரச்சினை. ஃபுல் அடிச்சுட்டுப் போனா மேல ஏறிருதுங்க." முதலாளி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இதை அவரிடம் அவன் முன்பே சொல்லியிருக்கிறான், அவர் காதில் வாங்கவில்லை என்று புரிந்தது.

கேன் டெஸ்டில் வண்டி சிணுங்காமல் ஓடியது. உறிஞ்சுகுழாயை மேல்மூடியோடு சேர்த்து வெளியே எடுத்தோம். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழ்நுனியைக் கட்டைவிரலால் அடைத்து, மேல்நுனியில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி ஊதிக்கொண்டே, வாளித் தண்ணீரில் முக்கினால், நடுவாக்கில் வரிசையாகக் குமிழி வந்தது. மயிரிழை விரிசல். டீசல் மட்டம் அந்த விரிசலுக்கு மேலே இருக்கும்வரை அது டீசலுக்குள் மூழ்கியிருக்கும், விரிசல் வழியாகவும் டீசல்தான் உள்ளே வரும், ஒன்றும் கெட்டுவிடாது. மட்டம் இறங்கி விரிசல் வெளியே தெரிந்ததும் அது காற்றைக் குடிக்க ஆரம்பிக்கும். சமவெளியில் அந்தக் கொஞ்சக் காற்றை ஃபீட் பம்பின் உபரி டீசல் ரிட்டர்னில் அடித்துக்கொண்டு போய்விடும். மலையில் டீசல் டேங்கின் பின்பக்கம் சாய்ந்துவிடுகிறது, குழாய் நிற்கும் இடத்தில் மட்டம் இன்னும் இறங்குகிறது, எஞ்சினும் முழு டீசலைக் கேட்கிறது. உபரி இல்லை, காற்று நேராக இன்ஜெக்ஷன் பம்புக்குப் போகிறது. அங்கே காற்று போனால் கதை முடிந்தது. டீசல் நசுங்காது, அதனால்தான் 100 பாருக்கு மேல் அழுத்தம் ஏறி நாசில் திறக்கிறது. காற்று நசுங்கும், நாசில் திறக்காது. குழாயைத் தனியாகக் கழுவி உலர்த்தி, பித்தளை வைத்துப் பற்றவைத்து மாட்டினோம். புதுச் சாமான் என்று எதுவும் வாங்கவில்லை. வண்டி எந்த மட்டத்தில் நிற்க ஆரம்பிக்கிறது என்று டிரைவர் கவனித்திருந்தால், விரிசல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று குழாயை வெளியே எடுக்காமலே சொல்லிவிடலாம். அந்தப் பையன் கவனித்திருந்தான்.

ரப்பர் ஹோஸின் வஞ்சகம் வேறு வகை. வெளியே பளபளவென்று நன்றாக இருக்கும். உள்ளே முதல் அடுக்கு உரிந்து நாக்குபோலத் தொங்கும். கம்ப்ரஸரால் ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும், ஏனென்றால் ஊதும்போது அந்த நாக்கு சுவரோடு படுத்துக்கொள்கிறது. உறிஞ்சும்போது எழுந்து வழியை மறைத்துக்கொள்ளும். சூட்டில் மெத்துப்போன ஹோஸ் உறிஞ்சும்போது ஒட்டிப்போவதும் உண்டு. ஊதிப் பார்த்து ஹோஸுக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது. வயது தெரியாத ஹோஸை வெட்டி எறிந்துவிடுவேன். வெட்டியதை நெடுக்கில் பிளந்து வண்டிக்காரரிடம் காட்டுவதில் ஒரு திருப்தி இருக்கிறது. சந்தேகம் தீராத வண்டிக்கு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் கண்ணாடிபோலத் தெரியும் ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டிப் பார்ப்பதும் உதவும். குமிழி வந்தால் ஒளிய இடமில்லை.

டேங்குக்குள் ஊதிவிடுவதைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. ரோட்டோரத்தில் வண்டி நின்றால் ஹோஸைக் கழற்றி டேங்க் பக்கமாக ஊதுவார்கள், சல்லடையில் ஒட்டிய குப்பை விலகும், வண்டி கிளம்பும். வீடு சேர அது போதும், அதற்கு மட்டுமே போதும். குப்பை எங்கேயும் போகவில்லை, டேங்குக்குள்ளேயே சுற்றுகிறது. ஊதுவதானாலும் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஊத வேண்டும். பட்டறைக் கம்ப்ரஸர் 100 பவுண்டுக்கு மேல் தள்ளும், டேங்க் தகடு அதற்குப் பிறந்ததல்ல, உப்பித் தையல் விட்டுவிடும். இன்னும் சிலர் சல்லடையையே பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். அப்புறம் துருத்துகள் ஃபீட் பம்பு வால்வின் அடியில் போய் உட்காரும். உறிஞ்சும் பைப்பில் பைக்குப் போடும் சின்னப் பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டரைச் செருகுவதும் அதே ரகம். டீசல் வேன் கேட்கும் ஓட்டத்துக்கு அது தாங்காது, கூடவே இரண்டு ஜாயின்ட் கூடுகிறது.

ஆக டேங்கை இறக்குவதுதான் வைத்தியம். 2020 ஊரடங்குக்குப் பிறகு டூரிஸ்ட் வேன்களும் ஸ்கூல் வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, டேங்குகளுக்குள் என்ன விளைந்திருந்தது என்று பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கெல்லாம் கிடைத்தது. கொஞ்சம் டீசலோடு மாதக்கணக்கில் நின்ற டேங்கில் மேற்பகுதி முழுக்கக் காற்று. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அந்தக் காற்றிலிருக்கும் ஈரம் தகட்டில் வியர்த்து இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர்கள் குடியேறும். அவற்றில் பேர்போனது ஹார்மோகோனிஸ் ரெசினே என்கிற பூஞ்சை, டீசலையே தின்று வளரக்கூடியது. பட்டறையில் அதற்குப் பெயர் பாசி. கறுப்பாக, வழுக்கலாக, சளியாக இருக்கும். சல்லடையை அது போர்த்திக்கொண்டால் துருவைப்போல உதிராது. ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருக்கிறேன், மறுபடி மறுபடி கறுத்துப்போகிறது என்று ஒருவர் சொன்னால் டேங்கில் பாசி என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட நாள் நிறுத்தப்போகும் வண்டியின் டேங்கை நிரப்பி வைக்கச் சொல்வது இதனால்தான். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் வியர்வையும் குறையும்.

கழுவுவதற்கு டீசலையே பயன்படுத்துவேன். ஒரு நீளச் சங்கிலியை உள்ளே விட்டு, டீசல் ஊற்றி, இரண்டு பேர் பிடித்துக் குலுக்கினால் துரு உதிரும். சிலர் நட்டுகளைப் போட்டுக் குலுக்குகிறார்கள். டேங்குக்குள் தடுப்புத் தகடு இருக்கும், அதன் பின்னால் ஒன்று சிக்கினால் எடுக்க அரைநாள் ஆகும். சங்கிலிக்கு ஒரு நுனி கையில் இருக்கிறது. உள்பூச்சு அடிக்கும் ரசாயனங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. தகட்டைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அடித்த பூச்சு பிறகு செதிலாக உரிந்து வந்து, எந்தச் சல்லடையைக் காப்பாற்றக் கிளம்பினோமோ அதையே அடைக்கும்.

ஓட்டை விழுந்த டேங்குக்கு வழியில் சோப்புக்கட்டியைத் தேய்த்து அடைப்பது பழைய வித்தை, ஊர் வந்து சேர உதவும். பற்றவைப்பது என்று வந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அவசரப்படாதீர்கள். டீசல் பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்காது என்று ஒரு தைரியம் எல்லோருக்கும் இருக்கிறது. நம் நாட்டு டீசலுக்கான ஐ.எஸ். 1460 தர விதி, அதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை ஏபெல் முறையில் 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்கிறது. அதாவது 35 டிகிரியே போதும். சித்திரை வெயிலில் நாமக்கல் பட்டறைத் தளத்தில் கிடக்கும் காலி டேங்க் அதைத் தாண்டியிருக்கும். நிறைந்த டேங்கைவிட, கவிழ்த்து வடித்த டேங்க்தான் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவியும் காற்றும். நன்றாகக் கழுவி, பற்றவைக்கும் இடம் மட்டும் வெளியே தெரியும்படி தண்ணீர் நிரப்பி, இந்த வேலையைப் பலமுறை செய்த கை ஒன்றிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் வேறு டேங்க் வாங்குங்கள்.

ரிட்டர்ன் பைப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. அதைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓட்டினால், உள்ளே நடப்பது தெரிந்துவிடும். ஒரே சீராக, நுரையில்லாமல் விழுந்தால் ஃபீட் பம்புவரை எல்லாம் சுகம். நுரைத்து, விட்டுவிட்டு வந்தால் எங்கோ காற்று கலக்கிறது. வரவே இல்லையென்றால் எஞ்சின் தேவைக்கே பற்றவில்லை, அல்லது ஓவர்ஃப்ளோ வால்வு சிக்கியிருக்கிறது.

ஏர் எடுப்பது எல்லோரும் அறிந்ததே. ஃபில்டர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைபம்பு அடித்து, குமிழி நின்றதும் அடித்துக்கொண்டே இறுக்குவது, பிறகு இன்ஜெக்ஷன் பம்பில், கடைசியில் நாசில் நட்டுகளில். அதில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. செம்பு வாஷரைத் திரும்பப் போடுவதானால் சிவக்கக் காய்ச்சி எடுத்துப் போடுங்கள். செம்பு நசுங்க நசுங்க விறைத்துப்போகும், காய்ச்சினால் மறுபடி மெத்தும், தண்ணீரில் முக்கினாலும் இரும்பைப்போல இறுகாது. டெஃப்லான் டேப்பைச் சுற்றாதீர்கள், அதன் துணுக்குகள் வால்வில் போய் மாட்டும்.

பெட்ரோல் ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பத்தி. 1984இல் வந்து 2019வரை ஓடிய அந்த வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பழைய கார்புரேட்டர் மாடலில் கத்திரி வெயிலில், டிராஃபிக்கில் நின்றால் பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் அறுந்துவிடும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் சரியாகும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருக்கிறது. அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் சோதிக்கும். ஆம்னியின் பெட்ரோல் ஹோஸ்களை முழுசாக மாற்றிவிடுங்கள். மூடி, மூச்சுத்துளை, குச்சி ஆகியவை அதற்கும் அப்படியே.

கூலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பம்பு போட்டு எழுதும் பில்லை யாரும் கேள்வி கேட்பதில்லை. டேங்கை இறக்கி, கழுவி, ஹோஸ் மாற்றி, ஒரு குளவிக்கூட்டைக் குத்திவிட்டு நியாயமான கூலி கேட்டால், "புதுசா ஒண்ணும் போடலையே?" என்கிறார்கள். தேடிக் கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை என்று நீங்கள் முடிவுகட்டினால், மெக்கானிக்கும் தேடுவதை விட்டுவிட்டுப் பம்பை மாற்றத்தான் போவார். இதில் இரண்டு தரப்பையும் குறை சொல்லலாம், நான் கொஞ்சம் எங்கள் பக்கம் சாய்கிறேன்.

பழைய வேன் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்குப் போகும்போது கால் டேங்கை நம்பிப் போகாதீர்கள். கார்த்திகை சீசன் தொடங்குவதற்கு முன், ஓர் இரவு முழுக்க வண்டியைச் சமதளத்தில் அசையாமல் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமலே டேங்கின் அடியிலிருக்கும் டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் ஒரு லிட்டரை வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றாலோ கறுப்பாக எதுவும் மிதந்தாலோ அந்தப் பாட்டிலோடு மெக்கானிக்கிடம் போய், டேங்கை இறக்கச் சொல்லுங்கள். பம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் கேன் டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்.